உம் கொட்டுகிறவர்

சாந்தாமணி டீச்சரிடம் அவிநாசியப்பன் சீடராகச் சேர்ந்தபோது, குருவைவிடச் சீடருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது கூடுதல்.

பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகளுக்காக டீச்சர் ஊருக்கு வெளியே ஓர் ஓட்டு வீட்டில் வகுப்பு நடத்திவந்தார். அவிநாசியப்பன் கோயில் விசேஷங்களில் மேடையேறிக் கதை சொல்கிறவர். மைக்கைப் பிடித்தால் கீழே வைக்க மனசு வராது. அவர் நினைத்த இடத்தில் கூட்டம் அழும், நினைத்த இடத்தில் சிரிக்கும்.

ஒரு பள்ளிக்கூட விழாவில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. மற்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபோது, அவள் பக்கத்தில் இருந்தவர்களின் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கீழே இறங்கியதும் அவிநாசியப்பன் விசாரித்தார்.

"அது வைஷாலிங்க. அதுக்குக் கதையெல்லாம் பிடிபடாது. ஒண்ணைக் கோர்வையா சொல்லவும் வராது" என்றார்கள்.

பந்தல் முழுக்கச் சிரித்தது மறந்துவிட்டது. ஒருத்தி சிரிக்காதது மட்டும் நினைவில் நின்றது. கலைஞர்களுக்கு உள்ள வியாதி இது. அவள் சாயங்காலம் பாடத்துக்குப் போகும் இடத்தைக் கேட்டுக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் புள்ளைய நான் கதை சொல்ல வெச்சுக் காட்டறனுங்க டீச்சர். வழி மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு உம் கொட்டத் தெரியுமுங்களா அய்யா?"

"என்னதுங்க?"

"கதை கேக்கறவங்க உம் கொட்டுவாங்களே, அது."

அவிநாசியப்பன் சிரித்துவிட்டார். "அதுல தெரியறதுக்கு என்னங்க இருக்குது?"

"அப்ப அதுலயே ஆரம்பிக்கலாமுங்க" என்றார் டீச்சர்.

அன்றே ஒரு பையன் முன்னால் அவரை உட்கார வைத்தார். பையன் தன் அப்பாவோடு பஸ்ஸில் போன கதையைச் சொன்னான். பஸ் வந்தது, அப்பா வந்தார், பிறகு ஒரு நாய் வந்தது, மறுபடி பஸ் வந்தது. யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று தெரியவில்லை. அவிநாசியப்பன் பெருந்தன்மையாக உம் கொட்டினார்.

"இது எல்லாம் தெரிஞ்சவங்க கொட்டற உம்" என்றார் டீச்சர்.

மறுநாள் கொஞ்சம் மாற்றிக் கொட்டினார்.

"இது சீக்கிரம் முடின்னு சொல்ற உம்."

அடுத்த நாள் குரலை இறக்கி, இரக்கத்தோடு கொட்டினார்.

"இது பாவம்னு சொல்ற உம். இது மூணுலயும் மோசமுங்க."

அவருக்குத் தலை சுற்றியது. வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று உம் கொட்டிப் பார்த்தார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "பல்லு வலிக்குதுங்களா?" என்று கேட்டார்.

மாதங்கள் ஓடின. ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"டீச்சர், பேச்சே வராத புள்ளைக்கு நான் உம் கொட்டி என்ன ஆகப்போகுது? அதுக்கு வேணுங்கறது வார்த்தை. எங்கிட்ட வண்டி வண்டியா இருக்குது. குடுக்க விடமாட்டேங்கறீங்க."

டீச்சர் கையிலிருந்த விளையாட்டுச் சாமானைக் கீழே வைத்தார். "எனக்கு ஒரு கதை சொல்லுங்க அய்யா."

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பலமுறை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கிய கதையை எடுத்தார். டீச்சர் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார். ஆனால் உம் கொட்டவில்லை. தலையாட்டவில்லை. புருவம் கூட அசையவில்லை. நாலு வாக்கியம் போவதற்குள் அவிநாசியப்பனுக்கு நாக்கு தடுமாறியது. ராஜாவின் பெயர் மறந்துபோனது. எங்கே விட்டோம் என்று தேடினார்.

"ஏனுங்க, கேக்கறீங்களா இல்லையா?"

"ஒரு வார்த்தை விடாம கேட்டுட்டுத்தானே இருந்தேன்" என்றார் டீச்சர். எழுந்து போய்ப் பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட ஆரம்பித்தார்.

அவிநாசியப்பன் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். இது பதிலா, அவமானமா என்று அவருக்கு விளங்கவில்லை.

*

இந்தச் சமயத்தில்தான் வைஷாலி மணி அடித்தாள்.

அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வராந்தாவில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும். அதை அடிக்க ஓர் இரும்புக் கம்பி. மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம், வைஷாலி ஓடிப்போய்க் கம்பியை எடுத்து, வீட்டுக்கு விடும் மணியைப்போல விடாமல் அடித்தாள். பள்ளிக்கூடமே வெளியே ஓடியது. சின்னப் பையன் ஒருவன் ரோட்டுக்கே போய்விட்டான். லாரிக்காரர் பிரேக்கை மிதித்ததால் பிழைத்தான்.

"ஏன் அடிச்சே?" என்று தலைமையாசிரியை கேட்டார். வைஷாலி வாயைத் திறந்தாள். "தட்டு" என்றாள். மறுபடி கேட்டார்கள். மறுபடியும் "தட்டு" என்றாள். யாரோ ஒரு தட்டை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதைத் தூக்கி எறிந்தாள்.

அதோடு விஷயம் முற்றிவிட்டது. வருகிற திங்கட்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். ஏன் அடித்தாள் என்று பிள்ளை தன் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வைஷாலியின் அம்மா கலாமணி பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்வரை எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாமல் அலைந்தவள். இந்த இடமும் போனால் வேறு இடம் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"மூணு வார்த்தை சேர்ந்தாப்ல பேச மாட்டாளுங்க டீச்சர். இவகிட்டப் போய்க் காரணம் கேட்டா என்ன பண்ணுவா?" என்று அழுதாள்.

அவிநாசியப்பனுக்குத் தன் நேரம் வந்துவிட்டதாகத் தோன்றியது.

"நீ கண்ணைத் தொடைம்மா. திங்கக்கிழமை உம் பொண்ணு சொல்லுவா. நானாச்சு."

டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

அவிநாசியப்பன் யோசித்தார். எந்தப் பிள்ளை மணி அடிக்கும்? வீட்டுக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளை அடிக்கும். அதை வைத்து ஒரு கதை கட்டினார். விரல் விரலாக மடக்கி, விரலுக்கு ஒரு வாக்கியம் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் தடுமாறியபோது முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தார். தப்பினால் சிரித்துக்கொண்டே திருத்தினார். அவருடைய பொறுமையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளையும் உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் கலாமணியையும் டீச்சரையும் உட்காரவைத்துச் சொல்லவைத்தார். வைஷாலி அவருடைய விரல்களைப் பார்த்தபடி சொன்னாள்.

"மத்தியானம் எனக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு. வீட்டுக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சு. மணி அடிச்சா வீட்டுக்கு விடுவாங்க. அதனால மணி அடிச்சேன். தம்பி ரோட்டுக்கு ஓடினதும் பயமாப் போச்சு. இனிமே அடிக்க மாட்டேன். மன்னிச்சுக்குங்க."

கலாமணி பிள்ளையைக் கட்டிக்கொண்டு தேம்பினாள். தன் மகள் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை. தன்னை நினைத்துத்தான் மணி அடித்தாள் என்று அறிந்ததில் அவளுக்கு ஒரு பெருமையும் சேர்ந்துகொண்டது.

"நல்லா இருந்துச்சுங்களா அய்யா?" என்று டீச்சர் அவிநாசியப்பனைக் கேட்டார்.

"ஒரு குறை சொல்ல முடியாதுங்க. ஆரம்பம் இருக்குது, முடிவு இருக்குது, நடுவுல 'அதனால'ன்னு ஒரு காரணம் இருக்குது. ஆசை, பயம் எல்லாம் வருது. இதுக்கு மேல ஒரு கதைக்கு என்னங்க வேணும்?"

டீச்சர் வைஷாலியின் பக்கம் திரும்பி, "உம்" என்றார்.

வைஷாலி விழித்தாள். அவிநாசியப்பனின் விரல்களைப் பார்த்தாள். அவை அதற்குமேல் மடங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மத்தியானம் எனக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள். கடைசிவரை சொன்னாள்.

"உம்" என்றார் டீச்சர்.

"மத்தியானம் எனக்கு அம்மா ஞாபகம் வந்துச்சு..."

"பாருங்க, எத்தனை தடவை கேட்டாலும் மறக்காது" என்றார் அவிநாசியப்பன். அவருடைய முகம் மலர்ந்திருந்தது.

"கலாமணி, நாளைக்குக் காலையில புள்ளையக் கூட்டிட்டு வா" என்றார் டீச்சர்.

"ஏனுங்க டீச்சர்? இதுவே போதாதுங்களா?"

"இன்னொருக்கா கேக்கோணும்."

அவிநாசியப்பனுக்குக் கோபம் வந்தது. குரு என்றும் பார்க்காமல் சொன்னார். "கெடுத்துறாதீங்க டீச்சர். திங்கக்கிழமை அந்தம்மா கேக்கப்போறது இதைத்தான். இதைச் சொன்னா புள்ளைக்குப் பள்ளிக்கூடம் மிஞ்சும். நீங்க கலைச்சுவிட்டு அது மறுபடி தட்டு, தட்டுன்னு நின்னா யாருங்க பொறுப்பு?"

"நாளைக்கு நீங்கதான் உம் கொட்டப் போறீங்க" என்றார் டீச்சர். "கேள்வி கேக்கக் கூடாது. வார்த்தை எடுத்துக் குடுக்கக் கூடாது. கையையும் காட்டக் கூடாது."

*

ஞாயிற்றுக்கிழமை அவிநாசியப்பன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கலாமணி சுவரோரம் இருந்தாள். டீச்சர் எல்லோருக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

வைஷாலி பாடம் செய்ததை ஒப்பித்தாள். அவர் உம் கொட்டினார். அவள் மறுபடி ஆரம்பித்தாள். பாதியில், விரல்கள் இல்லாததால், நின்றுபோனாள்.

அடுத்த வார்த்தை அவிநாசியப்பனின் தொண்டையில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டார். "உம்" என்றார். அதற்கு மேல் அவரிடம் ஒன்றுமில்லை.

வெளியே தண்ணீர் லாரி ஒன்று போனது. நாளைக்கு இந்தப் பிள்ளையின் கதி என்ன என்று நினைத்தபோது அவருக்கு டீச்சர்மேல் வெறுப்பே வந்தது.

"கை" என்றாள் வைஷாலி.

"உம்."

"கை உள்ள."

"உம்."

"தட்டு. தட்டு, தட்டு, தட்டு. குட்டிப் பாப்பா."

அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கைக்கும் தட்டுக்கும் என்ன சம்பந்தம்? குட்டிப் பாப்பா யார்? கேட்கக் கூடாது. "உம்" என்றார்.

"டீச்சர் போய் உக்காருன்னாங்க. மண்ணு. நெறைய மண்ணு."

"உம்."

எந்த டீச்சர்? எங்கே மண்? அவர் கலாமணியைப் பார்த்தார். அவளும் முழித்துக்கொண்டிருந்தாள்.

வைஷாலி எழுந்தாள். அந்த அறைச் சுவரில் மெல்லிய கீறல் ஒன்று இருந்தது. அதில் விரலை வைத்துப் பார்த்தாள். "விரல்" என்றாள். பிறகு கதவருகே போய் அதைச் சற்றே திறந்து, இடுக்கில் தன் கையை மணிக்கட்டுவரை விட்டாள். "இப்பக் கை. உள்ள."

"உம்" என்றார் அவிநாசியப்பன். இம்முறை அவர் கொட்டவில்லை. அதுவாக வந்தது.

அவள் வாசலுக்கு ஓடி, கிடந்த செருப்புகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். அவருடைய தோல்செருப்பு, கலாமணியின் ரப்பர் செருப்பு, தன்னுடைய சின்னச் செருப்பு. எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றையும் தொட்டு, "தட்டுக் கழுவுது. தட்டுக் கழுவுது" என்றாள்.

"உம்."

மூலையில் சாய்த்துவைத்திருந்த கரும்பலகையை இழுத்துவந்து, செருப்பு வரிசைக்குப் பின்னால் நிறுத்தினாள். பலகைக்குப் பின்பக்கம் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "மண்ணு. மண்ணு. லாரி மண்ணு." கடைசித் தலையணையை வைத்ததும் பலகை செருப்புகளின் பக்கமாகச் சாய்ந்தது. அவள் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

கலாமணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவிநாசியப்பன் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியாது. முழங்காலில் நகர்ந்து பலகைக்குப் பக்கத்தில் வந்திருந்தார்.

"அப்புறம்?" என்றார்.

கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. டீச்சரும் ஞாபகப்படுத்தவில்லை.

"டிங் டிங் டிங் டிங்" என்றாள் வைஷாலி. மற்றொரு கையால் செருப்புகளையெல்லாம் வாசல் பக்கம் தள்ளினாள். "ஓடு. ஓடு. எல்லாம் ஓடு."

வரிசை காலியானது. அவள் கரும்பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னும் விழுகல" என்றாள்.

*

டீச்சர் போன் செய்ததும் தலைமையாசிரியை சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் நிம்மதி இல்லையா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பள்ளிக்கூடக் கதவைத் திறந்தார்.

சின்னப் பிள்ளைகள் குத்தவைத்துத் தட்டுக் கழுவும் குழாய்களுக்குப் பின்னால்தான் அந்த மதில் இருந்தது. அந்தப் பக்கத்து நிலத்தில் யாரோ வீடு கட்டுகிறார்கள். தோண்டிய மண்ணையெல்லாம் மதில்மேல் சாத்திக் குவித்திருந்தார்கள். மதில் இந்தப் பக்கம் பிதுங்கியிருந்தது. மூலையில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு. செடி மறைத்திருந்ததால் பெரியவர்களின் உயரத்துக்கு அது கண்ணில் படவில்லை. அவிநாசியப்பன் குனிந்து அதில் கையை விட்டார். மணிக்கட்டுவரை போனது. விரல் நுனியில் ஈரமண் பட்டது.

சாயங்காலம் ஆட்கள் வந்தார்கள். கடப்பாரையைச் சும்மா ஊன்றியதுமே மதில் மொத்தமும் குழாய்களின்மேல் சரிந்தது. புழுதி அடங்க வெகுநேரம் ஆனது. தலைமையாசிரியை வராந்தாவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்சம் தெளிந்தபின் வைஷாலியைக் கூப்பிட்டார். "பாப்பா, நீ சுவரைப் பார்த்தியா? பார்த்துட்டு, எல்லாரும் போயிரணும்னுதானே..."

அவிநாசியப்பன் உதட்டின்மேல் விரலை வைத்து அவரைப் பார்த்தார். தலைமையாசிரியை நிறுத்திக்கொண்டார்.

வைஷாலி சொன்னாள். கையில் ஆரம்பித்து, தட்டுக்குப் போய், மண்ணுக்கு வந்து, விரலுக்குத் திரும்பினாள். வெகுநேரம் பிடித்தது. தலைமையாசிரியை வாக்கியத்துக்கு வாக்கியம் உம் கொட்டினார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கொட்டினார். டி.சி.யைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இருந்தாலும் போகும்போது, "இனிமே மணிய மட்டும் தொடாதே சாமி, எங்கிட்ட வந்து சொல்லு" என்றார். வைஷாலி அவருடைய கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வருகிறாரா என்று சோதித்தாள் போலிருந்தது. அவர் எழுந்து வந்தார்.

கலாமணி மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். மணி அடித்தது தன்னை நினைத்து அல்ல என்பதில் அவளுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

குருவும் சீடரும் திரும்பி நடந்தார்கள். அவிநாசியப்பன் வெகுதூரம் பேசாமல் வந்தார். அவரை அறிந்தவர்கள் பார்த்திருந்தால் உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"எனக்கு ஒண்ணும் புரியலீங்க டீச்சர்" என்றார் கடைசியில். "நான் சொல்லிக் குடுத்ததுல முதல், நடு, முடிவு எல்லாம் இருந்துச்சு. அவ சொன்னதுல ஒண்ணுமே இல்லை. தலைகீழா இருந்துச்சு."

"உம்."

"நாளைக்கு என் கதையச் சொல்லியிருந்தா அந்தம்மா மன்னிச்சிருப்பாங்க. நாமளும் சந்தோசமா வீட்டுக்கு வந்திருப்போம். புள்ளைக குழாயடிக்குப் போயிருக்கும்." சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

"உம்."

"மதிலைப் பத்தி உங்களுக்கும் தெரியாது. தெரியாதில்லீங்களா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் எப்படிங்க? நேத்து அவ அவ்வளவு அழகாச் சொன்னா. பெத்தவளே நம்பிட்டா. அது அவ கதை இல்லைன்னு நீங்க அவ மூஞ்சியப் பார்த்தா கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து நான் அவளைப் பார்க்கவே இல்லீங்க அய்யா" என்றார் டீச்சர். "உங்களைத்தான் பார்த்துட்டு இருந்தேன். அவ ஒவ்வொரு வார்த்தையாச் சொல்லச் சொல்ல, உங்க உதடும் கூடவே அசைஞ்சுது."

அவிநாசியப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஓட்டு வீட்டின் வாசலுக்கு வந்து சேர்ந்ததும் அவர் டீச்சரைப் பார்த்தார்.

"உம்" என்றார்.